கிட்டார் பட்டன் ஆடுகிறதா? முறுக்குவதை நிறுத்துங்கள், ஓட்டையைச் சரிசெய்யுங்கள்

கிட்டாரை எடுத்து மடியில் வையுங்கள். வாரை மாட்டுகிற சின்னக் குமிழை, அதாவது ஸ்ட்ராப் பட்டனை, இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் இருப்பதையும் பாருங்கள், கழுத்துப் பக்கம் இருப்பதையும் பாருங்கள். இரண்டும் அசையாமல் இருந்தால் நல்லது. ஒன்று அசைந்தாலும், விரலாலேயே சுற்ற வந்தாலும், நின்றுகொண்டு வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கல்யாண வரவேற்புகளுக்கும் கோயில் திருவிழா மேடைகளுக்கும் வாசிக்கிற ஓர் இசைக்குழுவில் பல வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பிக்கு ஒரு முறை பிறையில் ஒரு மண்டபத்தில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். இரண்டாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. மேல் கொம்பில், அதாவது கழுத்தை ஒட்டி உடம்பு நீண்டிருக்கும் முனையில், இருந்த பட்டன் ஸ்குரூவோடு அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பேஸ் கிட்டார் நாலு கிலோ இருக்கும். தலைப்பக்கம் முதலில் கீழே போய்ச் சிமெண்டுத் தரையில் அடித்து, கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் விரிசல் விட்டது. பாட்டு முடிந்ததும் அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "வாராவாரம் முறுக்கிக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணே."

வாராவாரம் முறுக்கியதுதான் அதைக் கழற்றியது. அதை அன்று அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முறுக்க முறுக்க ஏன் கழல்கிறது

மரத்துக்குள் போகிற ஸ்குரூ, போல்ட்டும் நட்டும் போல இரும்பை இரும்பு பிடித்து நிற்பதில்லை. அதன் மரைகள் மரத்தின் நார்களை வெட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. மரைகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் நார்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நார்கள் நசுங்கிவிட்டால் ஸ்குரூவைச் சுற்றி இருப்பது வெறும் மரத்தூள். முறுக்கினால் பிடிக்கிற மாதிரித் தோன்றும். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு தாங்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறுக்கும் மிச்சமிருக்கும் நாரையும் அரைத்துவிடுகிறது. அதனால் ஆடுகிற ஸ்குரூவைப் பார்த்தால் ஸ்குரூ டிரைவரைத் தேடாதீர்கள். கெட்டுப்போனது ஸ்குரூ இல்லை, மரம். மரத்தைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மரம் அந்த ஈரத்தை இழுத்து ஊதும். உள்ளே இருக்கும் இரும்பு இடம் கொடுக்காது, ஆகவே அதை ஒட்டிய நார்கள் நசுங்கும். அதே கிட்டாரை இரவு முழுக்க ஏர்கோன் அறையில் வைத்தால் மரம் காய்ந்து சுருங்கும். நசுங்கிய நார் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பாது, ஒரு மயிரிழை இடைவெளி விழும். மண்டபத்துக் குளிர், லோரியின் வெயில், கடலோரத்துக் காற்று என்று அலைகிற கிட்டாருக்கு இது மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். கடல் காற்றில் ஸ்குரூவும் துருப்பிடிக்கும்.

மரத்தின் தன்மையும் முக்கியம். விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார்கள் பலவற்றின் உடம்பு பாஸ்வுட் அல்லது பாப்லர். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையான மரங்கள் இவை. அதில் ஒரு குட்டையான ஸ்குரூவைப் போட்டு, பட்டனுக்கு அடியில் வாஷரும் வைக்காமல் விட்டால், புதுக் கிட்டாரிலேயே ஆறு மாதத்தில் ஆட்டம் தொடங்கலாம்.

பட்டன் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அடிப்பக்கப் பட்டனை வார் குறுக்காக இழுக்கிறது. ஸ்குரூ அதை நன்றாகவே தாங்கும். கிப்சன் எஸ்ஜி மாதிரிக் கிட்டார்களில் முன்பட்டன் உடம்பின் முதுகில், கழுத்து சேரும் இடத்தில் இருக்கும். அங்கே வார் ஸ்குரூவை நேராகப் பிடுங்குகிற திசையில் இழுக்கிறது. கழுத்தின் குதிகாலில், அதாவது கழுத்து உடம்போடு சேரும் தடித்த அடிப்பகுதியில், பட்டன் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரிலும் பல நேரம் இதே கதைதான். இந்த மாதிரி பட்டன்களை மாதம் ஒரு முறையாவது தொட்டுப் பாருங்கள்.

கெட்டது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள

கூட்டல் குறி முனை உள்ள ஸ்குரூ டிரைவர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 2ஆம் எண் அளவு பொருந்தும். சின்ன முனையால் திருகினால் ஸ்குரூவின் தலை தேய்ந்துவிடும், அப்புறம் அதைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும். கையால் மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். அரைச்சுற்றுக்குள் கெட்டியாக நின்றுவிட்டால் அது வெறுமனே தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மறுபடியும் தளர்ந்திருந்தால், அல்லது இப்போதே நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால், ஓட்டை கெட்டுவிட்டது.

இடப்பக்கம் திருப்பி ஸ்குரூவை வெளியே எடுங்கள். மரைகளுக்கு நடுவே வெளுத்த தூள் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓட்டையைச் சுற்றி மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். வார்னிஷில் மட்டும் மெல்லிய கோடு என்றால் பரவாயில்லை. மரமே பிளந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, கிட்டார் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். பிளந்த மரத்தில் குச்சியைத் திணித்தால் பிளவு பெரிதாகும்.

ஸ்குரூவின் நீளத்தையும் அளந்து கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் ஸ்குரூ என்றால் அதில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் பட்டனுக்குள்ளேயே போய்விடும். மரத்துக்குள் இறங்குவது மிச்சம்தான். இதைவிடக் குட்டையாக இருந்தால், அதே தடிமனில் கொஞ்சம் நீளமான ஸ்குரூ வாங்கலாம். நீளம்தான் கூடவேண்டும், தடிமன் அல்ல. தடிமன் கூடினால் அதன் தலை பட்டனின் குழிக்குள் உட்காராது, மரத்தையும் பிளக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கிட்டாரில் அவன் அப்பா வீட்டு அலமாரிக்குப் போடுகிற தடித்த ஸ்குரூவை ஓங்கி இறக்கிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மேல் கொம்பு இரண்டாகப் பிளந்துவிட்டது.

எதைக் கொண்டு அடைப்பது

இந்த வேலைக்குப் பல்குச்சி போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் பல்குச்சி பல நேரம் மூங்கில். சாத்தே குச்சியும் மூங்கில்தான். மூங்கில் கெட்டியானது என்பது உண்மை. அந்தக் கெட்டித்தன்மையால்தான் ஸ்குரூவின் மரை அதற்குள் ஒழுங்காக வெட்டி இறங்காமல் பக்கத்து மென்மரத்தை நோக்கி விலகிப் போகிறது. அதன் வெளித்தோல் வழவழப்பாக இருப்பதால் பசையும் சரியாகப் பிடிக்காது. வேறு வழியே இல்லை என்றால் உப்புத்தாளால் தோல் போகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

நான் இப்போது பயன்படுத்துவது தீக்குச்சி. மருந்து முனையை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் நல்ல சதுரமான மென்மரம். பசையை உறிஞ்சும், நசுங்கி இடத்தை நிரப்பும், மரை அதில் அழகாக வெட்டும். கனமான கிட்டார் என்றால் மரத்தில் செய்த ஒரு சாப்ஸ்டிக்கைக் கத்தியால் சீவி மெல்லிய சிம்புகளாக்கிக் கொள்கிறேன். சாப்ஸ்டிக்கிலும் மூங்கில் உண்டு, வாங்கும்போது பாருங்கள். நுனியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது மூங்கில்.

பசை மரப்பசையாகத்தான் இருக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் வெள்ளை மரப்பசை சின்னப் போத்தலில் கிடைக்கும், பத்து வெள்ளி கூட ஆகாது. மஞ்சள் மரப்பசை கிடைத்தால் இன்னும் நல்லது. கடைக்கார தவுக்கே 'காம் காஜா' கொடுத்து "இது சீக்கிரம் ஒட்டும்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த உடனடிப் பசை தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு சொட்டு வழிந்தால் கிட்டாரின் மேல்பூச்சில் அழியாத தழும்பு விழும். நைட்ரோ வார்னிஷ் பூசிய பழைய கிட்டார் என்றால் பூச்சையே கரைத்துவிடும். கைதேர்ந்தவர்கள் அதை நார்களைக் கெட்டியாக்கப் பயன்படுத்துவது உண்டு. முதல் முறை செய்கிறவர்களுக்கு அது தேவையில்லை. எப்பாக்சியும் அப்படித்தான். பிடிக்கும், ஆனால் பின்னாளில் யாராவது அந்த ஓட்டையைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்றால் படாத பாடு படுவார்கள்.

இவை தவிர மாஸ்கிங் டேப், ஒரு பிளேடு, ஈரத் துணி, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, 2.5 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்று. டிரில் மெஷின் கட்டாயம் இல்லை.

வேலையைத் தொடங்கலாம்

மேசைமேல் தடித்த துண்டு ஒன்றை விரித்து கிட்டாரைப் படுக்க வையுங்கள். கழுத்துக்கு அடியில் இன்னொரு துண்டைச் சுருட்டி வையுங்கள், தலை தொங்கக் கூடாது. கம்பிகளைக் கழற்றத் தேவையில்லை. ஓட்டை மேலே பார்த்து இருந்தால் வசதி. பக்கவாட்டில் இருந்தாலும் மரப்பசை கெட்டி என்பதால் ஓடிவிடாது.

கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ, பட்டன், அடியில் உள்ள ஃபெல்ட் வாஷர், இவை எந்த வரிசையில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பது முதல் முறை செய்கிறவர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. ஓட்டையைச் சுற்றி நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வழிகிற பசையும், சறுக்குகிற பிளேடும் அந்த டேப்பின் மேல்தான் படும்.

ஓட்டைக்குள் இருக்கும் தூளை வெளியேற்றுங்கள். ஊசியால் கிளறி, வாயால் ஊதினால் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள், தூள் நேராக முகத்துக்குத்தான் வரும். தூளின் மேல் பசை போட்டால் பசை தூளைப் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது.

அடுத்தது பசை இல்லாமல் ஓர் ஒத்திகை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடித்தளம் வரை இறக்கிப் பாருங்கள். இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா, மூன்றாவதைச் சீவ வேண்டுமா என்று இப்போதே தெரிந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், ஆனால் தானாக விழக்கூடாது. சுத்தியலால் அடித்து இறக்க வேண்டிய அளவுக்குத் திணிக்காதீர்கள், மெல்லிய கொம்பு பிளந்துவிடும். அளவு சரியானதும் வெளியே எடுத்து வையுங்கள்.

இப்போது பசை. ஒரு குச்சியின் நுனியில் பசையைத் தொட்டு ஓட்டையின் உட்சுவர் முழுக்கத் தடவுங்கள். அப்புறம் ஒவ்வொரு குச்சியையும் பசையில் தோய்த்து இறக்குங்கள். கடைசிக் குச்சி நடுவில் ஆப்பு மாதிரி இறங்கட்டும், மற்றவற்றைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். வெளியே பிதுங்கும் பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். குச்சிகளின் மிச்ச நீளம் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இப்போது ஒடிக்காதீர்கள். ஈரப் பசையில் ஒடித்தால் உள்ளே இருப்பதும் நகரும்.

பசை காய விடுங்கள். வெள்ளை மரப்பசை அரை மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும், அதைப் பார்த்துத்தான் அவசரப்படத் தோன்றும். அது மேல்தோல் மட்டும். உள்ளே, காற்றே போகாத ஓட்டைக்குள், இரவு முழுக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் முழுசாக 24 மணி நேரம் விடுங்கள். என் மாணவர் ஒருவர் காலையில் ஒட்டி மாலையில் ஸ்குரூ போட்டார். ஸ்குரூவோடு குச்சிகள் மொத்தமும் சுற்றிக்கொண்டு வெளியே வந்தன. கச்சேரி நாளன்று இந்த வேலையைத் தொடாதீர்கள். கச்சேரி சனிக்கிழமை என்றால் வியாழக்கிழமை ஒட்டுங்கள்.

பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்குரூவைப் போட்டுவிட்டால் மரை தானே பதிந்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. ஈரக் குச்சி ஒருபக்கம் ஒதுங்கி, ஸ்குரூ சாய்வாகப் போய் நின்றுவிடும். தண்ணீர்ப் பசை இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

மறுநாள்

புதுப் பிளேடால் குச்சிகளை மரத்தின் மட்டத்துக்கு வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல், சுற்றிலும் கீறிவிட்டு ஒடிக்கலாம். அரை மில்லிமீட்டர் உயரமாக நின்றால் கவலை வேண்டாம், பட்டன் மூடிவிடும்.

நடுவைப் பென்சிலால் குறியுங்கள். இனி ஸ்குரூவுக்கு வழிகாட்டும் சின்ன ஓட்டை போட வேண்டும். இதைப் போடாமல் நேரடியாக ஸ்குரூவை இறக்கினால் நேற்று செய்த வேலை முழுக்கப் பிளந்துவிடும். பிட்டின் அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு: ஸ்குரூவுக்கு முன்னால் பிட்டைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஸ்குரூவின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைய வேண்டும், இரண்டு பக்கமும் மரைகள் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். வழக்கமான 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 2.5 சரியாக வரும். மெல்லிய ஸ்குரூ என்றால் 2 போதும்.

பட்டனுக்குள் ஸ்குரூவைச் செருகி, வெளியே நீட்டும் நீளத்தை அளந்து, பிட்டில் அந்த உயரத்தில் டேப்பைச் சுற்றிக் குறி வையுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். பிட்டின் மேல்முனையில் தடிமனாக டேப்பைச் சுற்றினால் அதுவே கைப்பிடி, விரலால் சுழற்றியே போட்டுவிடலாம். தீக்குச்சி மரம் மென்மையானது, ஐந்து நிமிடம் பொறுமையாகச் சுழற்றினால் இறங்கும். கையால் போடுவதில் இன்னொரு நன்மை, பிட் சாய்கிறதா என்று கைக்கே தெரியும்.

ஸ்குரூவின் மரைகளை மெழுகுவர்த்தியில் இரண்டு மூன்று தடவை தேய்த்துக்கொள்ளுங்கள். உராய்வு குறைந்து மென்மையாக இறங்கும். சிலர் சோப்பு தடவுவார்கள். சோப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் ஊரில் ஸ்குரூ துருப்பிடிக்க அது போதும்.

முதல் முறை இறக்கும்போது பட்டன் இல்லாமல் ஸ்குரூவை மட்டும் இறக்கி வெளியே எடுங்கள், மரை பதிந்துவிடும். அப்புறம் ஃபெல்ட் வாஷர், பட்டன், ஸ்குரூ. இங்கே ஒரு சின்னக் கைப்பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், கிட்டாரில் எந்த ஸ்குரூவுக்கும் உதவும். ஸ்குரூவை ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று லேசாகக் கீழே விழுவது கையில் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் ஸ்குரூ பழைய தடத்திலேயே போகும், புதிதாக மரத்தை வெட்டாது. பட்டன் வாஷரை அழுத்தி, விரலால் சுற்ற வராத நிலைக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பேட்டரி டிரில்லால் இறக்காதீர்கள். அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு சுற்று சுற்றினாலும் நீங்கள் மீண்டும் பசைப் போத்தலைத்தான் தேட வேண்டும்.

வாரை மாட்டிக் கட்டிலுக்கு எதிரே நின்று, கிட்டார் மெத்தைக்கு மேலே இருக்கும்படி வைத்து, வாரைக் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். பட்டனின் அடியில் மயிரிழை இடைவெளி கூடத் திறக்கக் கூடாது.

குச்சி தாங்காத ஓட்டை

பல முறை முறுக்கி முறுக்கி ஓட்டை குச்சிகளால் நிரம்பாத அளவுக்குப் பெரிதாகியிருந்தால், அல்லது ஏற்கெனவே குச்சி வைத்து மறுபடி கழன்றிருந்தால், அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையையே வைத்துவிடுவது நல்லது. ஓட்டையை 6 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, அதே அளவுள்ள உருட்டு மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, காய்ந்ததும் மட்டமாக வெட்டி, நடுவில் மேலே சொன்னபடி சின்ன ஓட்டை போட வேண்டும். உருட்டுக் குச்சியின் பக்கவாட்டில் பிளேடால் ஒரு நீளமான கீறல் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றும் அதிகப்படிப் பசையும் அந்த வழியாக வெளியேறும். கீறல் இல்லாமல் இறுக்கமான குச்சியை அழுத்தினால் பசை போக இடமில்லாமல் மரத்தைப் பிளக்கும்.

6 மில்லிமீட்டர் ஓட்டையைக் கையால் போட முடியாது, டிரில் வேண்டும். நேராகவும் போட வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் முதலில் ஒரு பழைய பலகையில் நாலைந்து ஓட்டை போட்டுப் பாருங்கள். பட்டனின் அடிவட்டமும் வாஷரும் அந்த 6 மில்லிமீட்டரை முழுக்க மூடுமா என்று முன்பே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூ உள்ளேயே உடைந்து நின்றுவிட்டால், கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிளையரால் இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மட்டத்துக்குக் கீழே உடைந்திருந்தால் அதைத் தோண்டாதீர்கள். அதற்கான கருவி உள்ளவர் சுற்றிலும் ஒரு மோதிரம் மாதிரி வெட்டி எடுத்து, அந்த ஓட்டையில் உருட்டுக் குச்சி வைத்துக் கொடுப்பார்.

அக்கூஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு

அக்கூஸ்டிக் கிட்டாரின் அடிப்பக்கம் இருப்பது பல நேரம் ஸ்குரூவே இல்லை. கூம்பு வடிவில் சீவிய ஒரு முளை, உடம்புக்குள் இருக்கும் மரக்கட்டையில் இறுக்கமாகச் செருகியிருக்கும். அதைத் திருகிக்கொண்டே வெளியே இழுத்தால் வந்துவிடும். அது தளர்ந்திருந்தால் ஒரு மெல்லிய காகிதத் துண்டை முளையைச் சுற்றி வைத்து, திருகி அழுத்தினால் போதும். பசை போடவே வேண்டாம். பின்னாளில் பிக்கப் (கிட்டார் ஒலியை ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) வைக்க நினைத்தால் அந்த முளையைக் கழற்ற வேண்டி வரும்.

பிக்கப் வைத்த கிட்டாரில் அந்த இடத்தில் ஒயர் செருகும் ஜாக்கே பட்டனாகவும் இருக்கலாம். அது ஆடினால் வெளியே இருக்கும் நட்டை மட்டும் பிடித்துத் திருகிவிடாதீர்கள். உள்ளே ஜாக் முழுக்கச் சுற்றி ஒயரை முறுக்கி அறுத்துவிடும். கம்பிகளைத் தளர்த்தி, ஒலித்துளை வழியாகக் கையை விட்டு ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள்.

கழுத்தின் குதிகாலில் உள்ள பட்டனுக்குத் தீக்குச்சி வைத்தியம் அப்படியே பொருந்தும். விலை குறைந்த கிட்டார்களின் கழுத்து மரத்தை 'நேட்டோ' என்று விவரத்தில் போட்டிருப்பார்கள். நம் நாட்டுக் காடுகளில் வளரும் நியாத்தோவும் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. அது பாஸ்வுட்டைவிடக் கெட்டி, ஸ்குரூவை நன்றாகவே பிடிக்கும். ஆனால் குதிகாலில் பட்டனே இல்லாத கிட்டாரில் புதிதாக ஓட்டை போடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். சில கிட்டார்களில் கழுத்தைப் பிடிக்கும் போல்ட் உள்ளே அதே இடத்தில்தான் இருக்கும். அதுவரை வாரின் நுனியைக் கயிற்றால் தலைப்பக்கம், நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்து போகும் சின்னக் கட்டைக்கு) அப்பால், கம்பிகளுக்கு அடியில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராப் லாக் வாங்கப் போகிறவர்களுக்கு

பட்டன் கெட்டியாக இருந்தும் வாரின் ஓட்டை தேய்ந்து நழுவுவது வேறு பிரச்சினை. அதற்கு ஷாலர், டன்லப் போன்றவர்களின் பூட்டுப் பட்டன்கள் கிடைக்கின்றன. பட்டனுக்கும் வாருக்கும் மேலே ஒரு ரப்பர் வாஷர் மாட்டினாலும் ஓரளவு நிற்கும். பூட்டுப் பட்டன் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அதோடு வரும் ஸ்குரூ உங்கள் பழைய ஸ்குரூவைவிட மெல்லியதாக இருக்கலாம். பழைய ஓட்டையில் அது ஆடும், அல்லது பிடித்த மாதிரி நடிக்கும். இரண்டு ஸ்குரூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது மெல்லியதாக இருந்தால், பூட்டை மாட்டுவதற்கு முன் ஓட்டைக்குத் தீக்குச்சியும் பசையும் வைத்து, ஓர் இரவு விட்டுவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.

எங்கள் தம்பியின் பேஸை விரிசல் ஒட்டி வாங்கிய பிறகு அதன் கொம்பில் 6 மில்லிமீட்டர் கட்டை வைத்து, பூட்டுப் பட்டனும் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் பட்டனைத் தொட்டு ஆட்டிப் பார்க்கிறான். ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவதை விட்டுவிட்டான்.